‘ஃபீல் பண்ணாதே’ என்பது ஆங்கிலம் அல்ல

“ஃபீல் பண்ணாதேப்பா” என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். வருத்தப்படாதே என்று அர்த்தம். “ஒரே ஃபீலிங்கா இருக்கு” என்றால் மனசு சரியில்லை. ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிய சொல்தான். ஆனால் நம்மிடம் வந்த பிறகு துக்கத்துக்கு மட்டுமே உரியதாகச் சுருங்கிவிட்டது. ஆங்கிலத்திலோ அது வெறும் பாத்திரம். மகிழ்ச்சி, பயம், குளிர், அசதி எதை வேண்டுமானாலும் அதில் ஊற்றலாம். ஆனால் எதையாவது ஊற்றியே ஆகவேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். என் நண்பர் ஒருவரின் பேரன் வெளிநாட்டில் பிறந்து வளர்பவன், தமிழ் வராது. பாட்டி இறந்த சில வாரங்களுக்குப் பிறகு வீடியோவில் வந்து, “தாத்தா, ஹவ் ஆர் யூ?” என்று கேட்டிருக்கிறான். இவர் “ஐ ஆம் ஃபீலிங்” என்று சொல்லி நிறுத்திவிட்டார். அவரைப் பொறுத்தவரை வாக்கியம் முடிந்துவிட்டது. பையன் காத்திருந்து பார்த்துவிட்டு, “ஃபீலிங் வாட்?” என்று கேட்டான். இவருக்கு அது கிண்டல் போலப் பட்டது. போனை மருமகளிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார். அதன்பின் அவனோடு “சாப்பிட்டியா, படிச்சியா” என்பதைத் தாண்டிப் பேசுவதில்லை. பையன் மேல் தப்பு இல்லை. அவன் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

ஆகவே என் கருத்து இது: வேறெந்த விஷயத்திலும் ஆங்கிலம் முன்னே பின்னே இருக்கலாம். பஸ் நேரத்தைத் தப்பும் தவறுமாகக் கேட்டாலும் பஸ் வந்துவிடும். மனசில் உள்ளதைச் சொல்லும்போது மட்டும் வாக்கியம் சரியாக இருக்கவேண்டும்.

பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்ததால், இந்த விஷயத்தில் மூன்று மொழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. தமிழில் “எனக்குப் பசிக்கிறது” என்கிறோம். எனக்கு என்பது நான்காம் வேற்றுமை. பசி நம்மைத் தேடி வருகிறது. கோபமும் அழுகையும் அப்படியே வருகின்றன. பிரெஞ்சுக்காரர் “ஜே ஃபேன்” என்பார். பசியை வைத்திருக்கிறேன் என்று பொருள். பயத்தையும் குளிரையும்கூட அவர் ‘வைத்திருப்பார்’. ஆங்கிலேயரோ “ஐ ஆம் ஹங்க்ரி” என்று தானே பசித்தவராகிவிடுகிறார். வயிறு ஒன்றுதான், மொழிக்கு மொழி வழி வேறு. ஒன்றின் வழியில் இன்னொன்றை ஓட்டினால்தான் வண்டி தடம் புரள்கிறது.

நம்மவர்கள் தடுமாறும் இடங்கள் மூன்றுதான்.

முதலாவது, ‘இங்’. நமக்கு இப்போது நடப்பது எல்லாம் ‘இங்’. “ஐ ஆம் லைக்கிங் திஸ்”, “ஐ ஆம் நாட் வான்டிங்” என்கிறோம். லைக், ஹேட், வான்ட், நோ போன்றவை ஆங்கிலத்தில் செயல்கள் அல்ல, நிலைகள். “ஐ லைக் திஸ்” என்று வெறுமனே சொன்னாலே போதும். ‘ஐ ஆம் லவ்விங் இட்’ என்று ஒரு பர்கர் கம்பெனி 2003 முதல் விளம்பரம் செய்கிறதே என்பீர்கள். காதில் நிற்பதற்காக விதியைக் கொஞ்சம் வளைத்த வாக்கியம் அது. ஃபீல் மட்டும் இரண்டுக்கும் இடம் கொடுக்கும். “ஐ ஃபீல் டயர்ட்” சரி, “ஐ ஆம் ஃபீலிங் டயர்ட்” என்பதும் சரி.

இரண்டாவது, “ஐ ஆம் போரிங்”. விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் தினமும் சொல்வது. நான் பிறரை அலுப்படையச் செய்பவன் என்று அதற்குப் பொருள்! இதற்கு நம் இலக்கணத்திலேயே சாவி இருக்கிறது. வருந்துகிறேன், வருத்துகிறேன் என்று தன்வினை, பிறவினை படித்தோமே, அதுதான். உணர்வு என்னிடம் இருந்தால் போர்ட், இன்ட்ரஸ்டட், கன்ஃப்யூஸ்ட். அதை உண்டாக்கும் பொருள் போரிங், இன்ட்ரஸ்டிங், கன்ஃப்யூஸிங். வருந்துபவர், வருத்துவது என்று ஒருமுறை தமிழில் நினைத்துக்கொண்டால் தப்பே வராது.

மூன்றாவது, படித்தவர்கள் செய்வது: “ஐ ஃபீல் பேட்லி”. தமிழில் “வருத்தமாக இருக்கிறது” என்பதில் ‘ஆக’ வருவதால் ஆங்கிலத்திலும் ஒரு ‘லி’ சேர்த்தால்தான் நிறைவு என்று தோன்றுகிறது. வேண்டாம். “ஐ ஃபீல் பேட்”, “ஐ ஃபீல் ஸேட்” இவைதான் சரி.

துக்கம் விசாரிப்பதில் ஒரு நுட்பம் உண்டு. “ஐ ஆம் சாரி ஃபார் யூ” என்றால் ‘ஐயோ பாவம், நீ’ என்று இரக்கப்படுவது போல் ஒலிக்கக்கூடும். “ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்” என்பதே மரியாதை.

‘மிஸ்’ என்ற சொல்லுக்கு நேரான ஒற்றைச் சொல் தமிழில் இல்லை. “நீ இல்லாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது” என்போம். பிரெஞ்சில் “த்யூ ம மாங்க்” என்று, பிரிந்து போனவரே எழுவாயாக நிற்பார். ஆங்கிலத்தில் “ஐ மிஸ் யூ”, மூன்றே சொல். “ஐ மிஸ் யுவர் கிராண்ட்மதர்” என்று அந்த நண்பர் சொல்லியிருந்தால் பேரனுக்கு எல்லாம் புரிந்திருக்கும். ஒருவேளை “மீ டூ” என்று அவனும் அழுதிருப்பான்.

இளையவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தியர்களின் ‘இங்’கை வைத்து நிசிம் எசக்கியேல் எழுதிய கவிதை பிரபலமானது. ஏட்டில் அது ரசிக்கத்தக்கது. ஆனால் தாத்தா பாட்டி மனம் திறக்கும் நேரத்தில் இலக்கணம் பார்த்துச் சிரிக்காதீர்கள். திருத்துவதாக இருந்தால் மறுநாள் காலையில் திருத்துங்கள்.

நம்மைப் போன்றவர்கள் செய்யவேண்டியது பெரிய காரியம் இல்லை. மேலே சொன்னவற்றில் ஐந்தாறு வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே ஒரு தாளில் எழுதி, போன் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு “வெறிச்சென்று இருக்கிறது” என்பதைப் பேரப்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். ஆங்கிலத்தில் அதற்கு ஈடான சொல்லை நான் இன்னும் பார்க்கவில்லை.