மழலையில்லா இல்லமும் திருஇல்லமே



மக்கட்பேறு ஆண்டவர் அருளும் கொடை என்று 127ஆம் திருப்பாடல் போற்றுகின்றது. கொடை என்பது கேட்டுப் பெறும் கூலியன்று. ஆகவே, பிள்ளை பிறத்தல் புண்ணியத்திற்குப் பரிசுமன்று. பிறவாமை பாவத்திற்குத் தண்டனையுமன்று.

ஆயினும் நம் இல்லங்களில் நிகழ்வது யாது? மணமாகி ஈராண்டு கழியுமுன்னரே, "விசேஷம் ஒன்றுமில்லையா?" என்ற கேள்வி எழுகின்றது. பின்னர் 'மலடி' என்ற சொல் பிறக்கின்றது. வளைகாப்பிலே அவள் ஒதுக்கப்படுகிறாள். சில வீடுகளில், "வேறு பெண் பார்ப்போம்" என்ற பேச்சும் எழுகின்றது.

சாமுவேல் முதல் நூலின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஆண்டுதோறும் எல்க்கானா குடும்பத்தோடு சீலோவுக்குச் சென்று பலி செலுத்துவார். பிள்ளைகளைப் பெற்ற பெனின்னா, பிள்ளையற்ற அன்னாவைச் சொல்லால் புண்படுத்துவாள். அன்னா உண்ணாமல் அழுவாள். கணவரோ, பத்துப் புதல்வரினும் தாம் அவளுக்கு மேலானவர் அல்லரோ என்று கேட்டுத் தேற்றினார். பிள்ளையில்லை என்பதால் அவரது அன்பு குறையவில்லை. உதடு மட்டும் அசைய வேண்டிய அவளைக் குடித்திருப்பவள் என்று குருவாகிய ஏலியே எண்ணிவிட்டார். அழுகின்ற பெண்ணைத் தீர விசாரியாமல் தீர்ப்பிடுதல் குருக்களுக்கும் நேரக்கூடியதே.

புனித லூக்கா இன்னும் தெளிவாக எழுதுகின்றார். செக்கரியாவும் எலிசபெத்தும் கடவுள்முன் நேர்மையாளர், குற்றமற்றவர் என முதலில் சான்று பகர்ந்த பின்னரே, அவர்களுக்குப் பிள்ளையில்லை என்கிறார். கருவுற்ற எலிசபெத்து, மக்களிடையே தமக்கிருந்த இகழ்ச்சி நீங்கியது என்றே மகிழ்கிறார். இகழ்ச்சி மனிதர் தந்தது, இறைவன் தந்ததன்று.

திருச்சபையின் போதனையும் இதுவே. திருமணம் பிள்ளைப்பேற்றிற்காக மட்டும் ஏற்பட்டதன்று. பிள்ளையில்லாதபோதும் அதன் மதிப்பும் பிரிக்கவொண்ணா உறவும் நிலைத்திருக்கும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கற்பித்தது. மலட்டுத்தன்மை தன்னளவில் திருமணத்தைத் தடுப்பதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்கிறது 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1084ஆம் விதி. எனவே, வேறு பெண் பார்க்கும் பேச்சுக்கு நம்மிடையே இடமில்லை. குழந்தையின்மைக்கான காரணம் ஆணிடமும் இருக்கக்கூடும் என்பது மருத்துவம் கூறும் உண்மை. பழியோ பெண்மீது மட்டும் விழுகின்றது.

வேளாங்கண்ணியில் தொட்டில் கட்டி மன்றாடுவோருடன் நாமும் மன்றாடுவோம். தத்தெடுக்க விழைவோருக்குத் துணை நிற்போம். சிறார் நீதிச் சட்டப்படி கிறிஸ்தவரும் முழு உரிமையோடு தத்தெடுக்கலாம். வளர்ப்புத் தந்தையாகிய புனித சூசையப்பரைவிட வேறென்ன முன்மாதிரி வேண்டும்?

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் அடுத்த குழந்தை திருமுழுக்குப் பெறும்போது, விசுவாசத்தில் நிலைத்த குழந்தையற்ற தம்பதியரை ஞானப்பெற்றோராக அழையுங்கள். பிள்ளை பெற்றவரே ஞானப்பெற்றோராகலாம் என்று எச்சட்டமும் கூறவில்லை. அன்னாவின் கண்ணீரைக் கண்ட இறைவன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக!