பையனின் எடைச் சீட்டு

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குச் செல்லும் ஒரு தகப்பனார், மகன் பள்ளியிலிருந்து கொண்டுவந்த உடல்நலச் சீட்டை நம்மிடம் நீட்டினார். வயது 10, உயரம் 130 சென்டிமீட்டர், எடை 32 கிலோ, பி.எம்.ஐ. 18.9. மற்றதெல்லாம் மலையாளம். "18.5-க்கு மேல் இருந்தால் நல்லது என்றார்களே, பையன் தேறிவிட்டான்தானே?" என்று கேட்டார்.

தேறவில்லை. கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இருமுறை வகுத்தால் வருவது இந்த எண். கணக்கு எல்லோருக்கும் ஒன்றே, பொருள்தான் வேறு. பிள்ளைகளுக்கு 19 வயதுவரை, ஆண் பெண் எனப் பிரித்து, அதே வயதினரோடு ஒப்பிட வேண்டும். பெரியவர்களுக்குக் கீழ்க்கோடாக உள்ள 18.5, உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு அட்டவணையில் பத்து வயதுப் பையனுக்கு மேல்கோடு! அதைத் தாண்டினால் எடை மிகுதி, 13.7-க்குக் கீழே போனால் மெலிவு. இதே 18.9 பதினாறு வயது அண்ணனுக்கு இருந்தால் கவலையில்லை. ரயில்வே பிளாட்பாரத்து எடை மிஷின் சீட்டில் ஜோசியமாவது அச்சிட்டிருக்கும். வயதோடு ஒப்பிடாத எண் அந்த அளவுக்குக்கூட உதவாது.

ஐந்தாறு வயதில் குழந்தையின் கொழுகொழுப்பு வற்றுவது இயற்கை. அதைக் கண்டு பயந்து டானிக்கில் காசைக் கரைக்கும் தாய்மார்கள் நம்மிடையே அதிகம். வளரும் பிள்ளையைப் பட்டினி போடுவதும் தவறு. பேக்கரிப் பண்டத்தையும் கலர் பானத்தையும் குறைத்து, விளையாட விட்டு, ஆறு மாதம் கழித்து மீண்டும் அளக்கலாம். எண் ஏறிக்கொண்டே போனால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 19.7 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள். அட்டப்பாடியில் 2013-இல் நேர்ந்த சிசு மரணங்கள் நம் பாலக்காடு மாவட்டத்தில் நடந்தவையே.

அளப்பது நல்ல காரியம். ஆனால் பெற்றோருக்குப் புரியாத சீட்டால் என்ன பயன்? தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் சர்க்கார் அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடம் தருகிறது. உடல்நலச் சீட்டும் தமிழில் வர வேண்டும். எண்ணுக்குப் பக்கத்தில் "வயதுக்குக் குறைவு, சரி, மிகுதி" என்று ஒரு வார்த்தையும் வேண்டும். அடுத்த பெற்றோர்–ஆசிரியர் கூட்டத்திலேயே நம்மவர்கள் இதைத் தமிழில் மனுவாக எழுதிக் கொடுக்கட்டும்.