மறைத்து வைக்கும் மரு

மும்பை லோக்கல் ரயிலில் போகிறவர்களுக்கு "குப்த ரோக்" விளம்பரச் சீட்டுகள் புதியவை அல்ல. ரகசிய நோய்களுக்கு உத்தரவாத வைத்தியம் என்று அவை அழைக்கின்றன. அந்த அழைப்புக்கு நம்மவர்களும் செவி சாய்க்கிறார்கள். மனைவியை ஊரில் விட்டு, ஒரே கோலியில் ஐந்தாறு பேரோடு தங்கியிருக்கும் தொழிலாளியும் போகிறார். குடும்பத்தோடு வசிக்கும் குமாஸ்தாவும் போகிறார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு வெட்கம்!

இப்படி மறைக்கப்படும் தொல்லைகளில் ஒன்று, பிறப்புறுப்பிலும் ஆசனவாயைச் சுற்றியும் தோன்றும் மரு. சிறு பருவாகத் தொடங்கும். சிலருக்குக் காலிபிளவர் பூப்போலக் கொத்தாகும். வலி பெரும்பாலும் இராது. அதனாலேயே பலர் அசட்டையாக இருந்து விடுகிறார்கள்.

இதற்குக் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ். இதில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. மருக்களில் பத்துக்கு ஒன்பது, 6, 11 ஆகிய வகைகளால் வருபவை. இவை பொதுவாகப் புற்றுநோயாக மாறுவதில்லை. பெண்களின் கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம் 16, 18 என்ற வேறு வகைகள். ஆனால் ஒருவரிடமே பல வகைகள் இருக்கக்கூடும். ஆகவே 30 வயதைக் கடந்த பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

உடலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால் இது பரவுகிறது. பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்ததால் வந்தது என்று சொல்வது சரியல்ல. அதே சமயம், மரு தெரிந்தவுடன் மனைவி மீதோ கணவன் மீதோ பழி சுமத்துவது பெரும் தவறு. வைரஸ் உள்ளே புகுந்து சில வாரங்களிலும் மரு வரலாம். பல மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்தும் வரலாம். மரு வெளியே தெரியாதவரிடமிருந்தும் தொற்றும். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. டாக்டரால் முடியாததை, விடுமுறைக்கு ஊருக்குப் போன கணவர் ஒரே இரவில் தீர்மானித்துவிடுகிறார். பிறகு பஞ்சாயத்து, பிரிவினை! மருவை வைத்து யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க முடியாது. இருவரும் சேர்ந்து டாக்டரிடம் போவதே முறை.

அனுபவமுள்ள டாக்டர் பெரும்பாலும் கண்ணால் பார்த்தே கண்டுபிடித்து விடுவார். இதற்கென்று ரத்தப் பரிசோதனை கிடையாது. ஆனால் மேகப்புண் நோயிலும் மருவைப் போன்ற தடிப்புகள் வரும். அதை அறிய ரத்தம் எடுப்பார்கள், எச்.ஐ.வி. சோதனையும் செய்யச் சொல்வார்கள். மறுக்க வேண்டாம். சில ஆண்களுக்கு இயற்கையாகவே உள்ள சிறு முத்துப் போன்ற பருக்கள் நோயே அல்ல. அதற்கும் பணம் பறிக்கும் போலி வைத்தியர்கள் உண்டு.

மருந்து தடவுதல், உறைய வைத்து அகற்றுதல், மின்சாரத்தால் சுடுதல் என்று மருவை நீக்கப் பல வழிகள் உள்ளன. திரும்ப வருவதும் உண்டு. மனம் தளர வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் உடலே வைரஸை ஒடுக்கி விடுகிறது. கால் மருவுக்கு விற்கும் மருந்தையும், ஆசிட்டையும் அந்த இடத்தில் வைத்துப் புண்ணாக்கிக் கொள்ளக் கூடாது. கர்ப்பிணிகள் கர்ப்பத்தை முதலிலேயே டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். சில மருந்துகள் அவர்களுக்கு ஆகாது.

ஆணுறை ஆபத்தைக் குறைக்கும். அது மூடாத இடத்தில் தொற்றலாம். தடுப்பூசியே சிறந்த காப்பு. புனே சீரம் இன்ஸ்டிடியூட்டின் செர்வாவாக் ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. அது 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளையும் தடுக்கும். 9 வயது முதல் 26 வயது வரை ஆண், பெண் இருபாலரும் போட்டுக் கொள்ளலாம். 14 வயதுக்குள் என்றால் இரண்டு ஊசி, பிறகு மூன்று. ஏற்கெனவே வந்த மருவை இது போக்காது.

தாராவிக்குப் பக்கத்திலேயே சயான் ஆஸ்பத்திரி இருக்கிறது, பரேலில் கே.இ.எம். இருக்கிறது. அரசு நடத்தும் சுரக்ஷா கிளினிக்குகளில் பால்வினை நோய்களுக்கு இலவச ஆலோசனை உண்டு. இந்தியில் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறவர்கள், சீட்டு வாங்கும் ஜன்னலில் நோயை விளக்க வேண்டியதில்லை. "ஸ்கின் ஓ.பி.டி." என்றால் போதும். மற்றதை உள்ளே டாக்டரிடம் சொல்லிக் கொள்ளலாம். மும்பைத் தமிழ் அமைப்புகளும் இந்த விவரங்களைத் தமிழில் அச்சிட்டு, நம்மவர்கள் வசிக்கும் சால்களில் கொடுக்க முன்வர வேண்டும்.