குடமுருட்டிக்குக் கணக்கு உண்டு, ஆஸ்பத்திரிக்கு?

காவிரி திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டியைப் பிரித்துவிட்டுத்தான் திருவையாற்றுக்குப் போகிறது. மேட்டூர் திறந்து கல்லணைக்குத் தண்ணீர் வந்து சேர்ந்த நாளிலிருந்து இந்த ஊர் டீக்கடைகளில் பேச்சு ஒன்றுதான்: எத்தனை கன அடி விட்டிருக்கிறார்கள், எந்த ஷட்டர் ஏறவில்லை, கடைமடைக்கு எப்போது போய்ச் சேரும். மாதம் ஒருமுறை தஞ்சை ஆட்சியர் அலுவலகத்தில் கூடும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் இதே கேள்விகள் பொறியாளர்களின் முகத்துக்கு நேரே வைக்கப்படும். காய்ந்த நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறவரிடம் ‘பார்க்கிறோம்’ என்று சொல்லிவிட்டு நகர முடியாது. எந்த வாய்க்கால், எத்தனை கிலோமீட்டர், தூர் வாரியதாக எழுதிய தொகை எவ்வளவு என்பதெல்லாம் அவர் சட்டைப் பையில் மடித்து வைத்த சீட்டில் இருக்கும். போன மாதம் கொடுத்த மனு என்ன ஆயிற்று என்று இந்த மாதமும் கேட்பார்.

இதே மனிதர் இரவு எட்டு மணிக்கு அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் வேறு ஆளாகிவிடுகிறார். பொழுது சாய, களையெடுத்துவிட்டு வரப்போடு வந்த மனைவியை ஏதோ கடித்துவிட்டது. கால் வீங்கிக்கொண்டு வருகிறது. ‘மெடிக்கலுக்குக் கொண்டு போயிடுங்க’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு 108 வண்டியில் ஏறிவிடுகிறார். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இங்கேயே ஏன் பார்க்க முடியாது? மருந்து இல்லையா, ஆள் இல்லையா, இரண்டும் இருந்தும் எதற்கு வம்பு என்று அனுப்புகிறார்களா? அவர் கேட்பதில்லை, அந்த நேரத்தில் கேட்கவும் முடியாது. டெல்டாவின் எந்தச் சிற்றூரை எடுத்துக்கொண்டாலும் காட்சி இதுதான். அவருக்காகப் பிறகு, நிதானமாக, ஆவணங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பதற்கென்றே 234 பேரைக் கோட்டைக்கு அனுப்பியிருக்கிறோம்.

அவர்கள் ஆண்டுக்கு ஒரு நாள் கேட்கிறார்கள். மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்கை எண் 19. 2025-26 நிதிநிலை அறிக்கையில் இந்தத் துறைக்கு ஒதுக்கிய தொகை 21,906 கோடி ரூபாய். கொள்கை விளக்கக் குறிப்பு என்று தடிமனான புத்தகம் ஒன்று அன்று உறுப்பினர்கள் கைக்கு வருகிறது. அதைப் புரட்டி முடிப்பதற்குள் விவாதம் முடிந்துவிடும். பேசக் கிடைக்கிற பத்து நிமிடத்தில் தலைவர்களுக்குப் புகழுரை ஒரு பங்கு, தொகுதிக்கு ஒரு கட்டடமோ ஒரு ஸ்கேன் கருவியோ கேட்பது இன்னொரு பங்கு. பதிலுரையில் அமைச்சர் அறிவிப்புகளை வாசிக்கிறார். சில ஆண்டுகளாக அவற்றின் எண்ணிக்கை நூறைத் தாண்டுகிறது. மேசை தட்டப்படுகிறது, மானியம் நிறைவேறுகிறது. போன ஆண்டின் நூறு அறிவிப்புகளில் எது எந்த ஊரில் எந்த நிலையில் நிற்கிறது என்று வரிவரியாகக் கேட்டு முடிக்க அந்த ஒரு நாளில் நேரம் ஏது? ஆட்சி எந்தக் கட்சியிடம் இருந்தாலும் இந்த நடைமுறை மாறியதில்லை. இது மாற வேண்டும் என்பதே நம் நிலை.

குழுக்கள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன. செலவைப் பார்க்கப் பொதுக் கணக்குக் குழு. 1994இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்து வாங்குவதைப் பார்க்கப் பொது நிறுவனங்கள் குழு. மதிப்பீட்டுக் குழு, மனுக்கள் குழு, அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கைத் துரத்துவதற்கு அரசு உறுதிமொழிக் குழு. ஒரே வயலுக்கு ஐந்து வாய்மடை வைத்தும் எதிலும் தண்ணீர் ஏறாத கதைதான். ஆஸ்பத்திரி ஒவ்வொன்றுக்கும் மருந்துக்கென்று ஒரு பாஸ்புக் உண்டு. மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்கிற ஒவ்வொரு பெட்டியின் விலையும் அதில் கழியும். வெளிமாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொண்டு போன ஏற்பாடு இது. அந்தப் பாஸ்புக்கையும், அதே ஆஸ்பத்திரியின் காலிப் பணியிடப் பட்டியலையும், அங்கிருந்து வெளியே அனுப்பிய நோயாளிகளின் பதிவேட்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கும் பொறுப்பு எந்தக் குழுவுக்கும் இல்லை.

பொதுக் கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சிக்கு என்பது நாடாளுமன்றத்தில் 1967 முதல் நிலைத்த மரபு. 2021இல் அமைந்த நம் பேரவையில் அந்தப் பொறுப்பு ஆளும் கூட்டணியைச் சேர்ந்த காங்கிரசின் கு. செல்வப்பெருந்தகைக்குப் போனது. அந்தக் குழு மாவட்டம் மாவட்டமாகப் போய் நேரில் ஆய்வு செய்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஆளும் தரப்பின் தோழரே ஆளும் தரப்பின் கணக்கைப் பார்ப்பது, சம்பந்தி வீட்டு மொய்க் கணக்கைச் சரிபார்ப்பது போலத்தான்.

அறிக்கை மேசையில் இருந்தும் யாரும் படிக்காவிட்டால் என்ன ஆகும்? 2024 டிசம்பரில் பேரவை இரண்டே நாள் கூடியது. இரண்டாம் நாளான 10ஆம் தேதி, தமிழகத்தின் பொதுச் சுகாதாரக் கட்டமைப்பு பற்றிய சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கை வைக்கப்பட்டது. 2016 முதல் 2022 வரையிலான காலத்தை அது அலசுகிறது. இரண்டு கட்சிகளின் ஆட்சியும் அதில் அடக்கம், ஆகவே அதை உரக்கப் படிக்க இரு தரப்புக்கும் ஆர்வமில்லை. அதில் மருந்துக் கட்டுப்பாடு பற்றி ஒரு பகுதி. 2016-17இல் செய்ய வேண்டிய ஆய்வுகள் 1,00,800, செய்தவை 66,331. 2020-21இல் அதே இலக்குக்கு 62,275. மருந்து மாதிரி எடுப்பதில் பள்ளம் இன்னும் பெரிது: 2020-21இல் இலக்கில் பாதிகூட எட்டவில்லை.

பத்து மாதம் கழிந்தது. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்து மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உயிரைப் பறித்தது தெரியவந்தது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அதில் இருந்தது 48.6 சதவீதம். அதைச் சோதித்துச் சொன்னதும், உடனே விற்பனையைத் தடுத்ததும் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைதான். அந்தப் பெருமை அவர்களுக்குச் சேர வேண்டும். ஆய்வுகள் குறைந்ததால்தான் இது நேர்ந்தது என்று அடித்துச் சொல்வதும் அவசரம். ஆனால் பத்து மாதங்களுக்கு முன்பே ஒரு குழு அந்தத் துறை அதிகாரியை எதிரே உட்காரவைத்து, மீதி முப்பத்தெட்டாயிரம் ஆய்வுகள் எங்கே போயின, எந்தெந்தத் தொழிற்சாலைகளில் உங்கள் ஆள் காலே வைக்கவில்லை, பட்டியல் கொடுங்கள் என்று கேட்டிருந்தால்? சென்னைக்கு இந்த நச்சு புதிதும் அல்ல. 1972இல் இதே பொருள் இங்கேயே குழந்தைகளைக் கொன்றிருக்கிறது.

கேட்டால் பதில் வரும் என்பதற்கு டெல்லியில் சான்று இருக்கிறது. நாடாளுமன்றம் 1993இல் துறைவாரி நிலைக்குழுக்களை அமைத்தது. மக்கள் நல்வாழ்வுக் குழு 2012இல் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் கோப்புகளை வாங்கிப் பார்த்தபோது, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மருத்துவ வல்லுநர்கள் ஒரு மருந்துக்குப் பரிந்துரை எழுதிய கடிதங்கள் வாசகம் மாறாமல் ஒன்றுபோல் இருப்பது தெரிந்தது. எல்லாக் கடிதங்களும் ஒரே இடத்தில் உருவானவையோ என்று குழுவே சந்தேகப்பட்டது. எந்த மானிய விவாதத்தில் இது வெளிவந்திருக்கும்? 2016இல் அதே குழு இந்திய மருத்துவக் கவுன்சிலைப் பற்றி எழுதிய கடுமையான அறிக்கைக்குப் பிறகுதான் அந்தக் கவுன்சில் போய், 2020இல் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. புதிய ஆணையம் பழையதைவிட மேலா என்பது வேறு பஞ்சாயத்து. மூடிய அறையில் கேமரா இல்லாதபோது கட்சிக்கொடி கொஞ்சம் தாழ்கிறது, கேள்வி கொஞ்சம் கூர்மையாகிறது என்பதே இங்கே சொல்ல வந்தது.

டெல்லி தூரம் என்றால் பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கேரளப் பேரவையில் 1980 முதல் பொருள்வாரிக் குழுக்கள் இருக்கின்றன. மானியக் கோரிக்கைகள் முதலில் அவற்றிடம் போய், பரிசீலனை முடிந்தே அவைக்குத் திரும்புகின்றன. அப்படியொரு குழு கோட்டையில் இல்லை. பல மருத்துவத் திட்டங்களில் கேரளத்தோடு போட்டி போடும் நாம் இதில் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்?

தமிழகத்தின் மருத்துவத் துறை நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கிறது, அதை ஏன் குடைய வேண்டும் என்று கேட்கிறவர்கள் உண்டு. முன்வரிசை என்பது உண்மை. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆயிரம் பிறப்புக்கு 28 சிசுக்கள் இறந்தபோது தமிழகத்தில் 13. ஆனால் மாநிலச் சராசரிக்குள் சென்னையும் இருக்கிறது, கடைமடையும் இருக்கிறது. மேட்டூரில் நூறு அடி நிற்பதால் கடைமடை நனைந்துவிட்டது என்று எந்த டெல்டாக்காரரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஏற்கெனவே ஒருவர் மூன்று பேர் வேலையைப் பார்க்கும் மருத்துவர்களையும் செவிலியர்களையும் இன்னும் விசாரணைக்கு இழுப்பதா என்பது இன்னொரு மறுப்பு. அது நியாயமான கவலை. ஆனால் குழுவின் முன் நிற்க வேண்டியவர் இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் அல்ல. அந்த இடத்தை நிரப்பாமல் விட்ட செயலாளர், இயக்குநர், பணியாளர் தேர்வு வாரியம். இப்போது நடப்பதுதான் தலைகீழ். அமைச்சர் திடீர் ஆய்வுக்கு வந்தால் கேமரா முன் திட்டு வாங்குவது அந்த நர்ஸ்.

ஆகவே மானியக் கோரிக்கை எண் 19 அவைக்கு வருமுன் மூன்று வாரமாவது ஒரு துறைக் குழுவின் கையில் இருக்க வேண்டும். தலைமை எதிர்க்கட்சிக்கு. தணிக்கை அறிக்கை வைக்கப்பட்ட ஆறு மாதத்துக்குள் அதன் மீது அவையில் விவாதம். குழு சென்னையில் மட்டும் உட்காராமல் பூதலூர், பேராவூரணி, வேதாரண்யம் என்று வர வேண்டும், அதுவும் வரவேற்பு வளைவு கட்ட அவகாசம் கொடுக்காமல். அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதன் வரவுசெலவை, குறைதீர் கூட்டம் போலவே, ஊரார் முன் வாசிக்க வேண்டும்.

குழு இங்கே வரும் நாளில் எதில் தொடங்குவது? பாம்புக்கடியில் தொடங்கலாம், அதற்குப் பழைய சட்டம் ஒன்று துணை இருக்கிறது. 1937இல் ராஜாஜி அமைச்சரவையில் பொதுச் சுகாதாரத்தைக் கவனித்தவர் ஆற்றின் மேற்கே ஸ்ரீரங்கத்து டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அந்த ஆட்சியில், 1939இல் வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் நாட்டிலேயே முதலாவது. அந்தச் சட்டத்தின் கீழ்தான் 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கத்தக்கதாக ஆக்கியது. அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும் ஒவ்வொரு கடியையும் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். அப்படியானால் பூதலூர் வட்டத்திலிருந்து எத்தனை கடிகள் பதிவாகியிருக்கின்றன, அவற்றில் எத்தனை பேருக்கு இங்கேயே விஷமுறிவு மருந்து ஏறியது, எத்தனை பேர் மருந்து ஏறாமலே தஞ்சாவூருக்கு வண்டி ஏறினார்கள் என்ற கணக்கு துறையிடம் இருக்க வேண்டும். அதைக் கேட்கலாம்.

அதற்கும் முன்னால் கேட்க ஒன்று இருக்கிறது. கண்ணாடிவிரியன் கடித்தால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, விஷமுறிவு மருந்தைத் தொடங்கிவிட்டே அடுத்ததை யோசிக்கலாம். பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனை பொய் சொல்லும். டெல்டா ஆஸ்பத்திரிகளின் இரவுப் பணி அறைகளில் கண்ணாடிக் குழாய் எத்தனை இருக்கிறது?