ஒரெயாந்தாவின் காவலாளி

இளங்கலை மாணவர்களுக்கான மொழிபெயர்ப்புச் சிறுகதைத் தொகுப்பு ஒன்று இவ்வாண்டு நம் கைக்கு வந்தது. செகாவின் ‘நாய்க்காரச் சீமாட்டி’ அதில் இடம்பெற்றிருக்கக் கண்டு மகிழ்ந்தோம். ஆனால் கதை ஒரெயாந்தாவை அடைந்ததும் அந்த மகிழ்ச்சி வடிந்துவிட்டது. பக்க அளவு கருதிக் கதையைச் சற்றே சுருக்கியிருப்பதாக முன்னுரையில் ஒரு வரி சொல்கிறது. அச்சுருக்கத்தில் வெளியேற்றப்பட்டவர்களுள் ஒருவன் ஒரெயாந்தாவின் காவலாளி.

கதையை அறிந்தவர்களுக்குக் காட்சி நினைவிருக்கும். கூரவும் ஆன்னா செர்கேயெவ்னாவும் விடியலுக்கு முன் யால்தாவிலிருந்து வண்டியமர்த்திக்கொண்டு ஒரெயாந்தாவுக்கு வருகிறார்கள். தேவாலயத்துக்கு அருகே ஒரு விசிப்பலகையில் அமர்ந்து கீழே தெரியும் கடலைப் பார்க்கிறார்கள். யால்தாவும் ஒரெயாந்தாவும் தோன்றாத காலத்திலும் இந்தக் கடல் இப்படித்தான் ஒலித்திருக்கும், நாம் இல்லாமற்போன பின்னும் ஒலிக்கும் என்ற எண்ணம் எழுகிறது. உலகில் எல்லாமே அழகு, நாம் நினைப்பதும் செய்வதும் மட்டுமே அவ்வாறில்லை என்று கூரவ் எண்ணுகிறான். அப்போது யாரோ ஒருவன், அநேகமாகக் காவலாளி, அருகில் வந்து இருவரையும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். அதுவும் அவர்களுக்கு மர்மமாகவும் அழகாகவும் தோன்றுகிறது. பிறகு பியதோசியாவிலிருந்து கப்பல் வருகிறது.

தொகுப்பில் கடல் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, நடுவில் வந்தவன் இல்லை. தொகுப்பாளரை ஒரு கருத்தரங்கில் சந்தித்தபோது காரணம் கேட்டோம். காதலுக்கு அவ்வரியால் ஆவதொன்றுமில்லை என்றார். நம் நண்பர்கள் சிலரும் அவர் பக்கம் நின்றார்கள். இயற்கையின் நித்தியத்தைப் பேசும் இடத்தில் ஒரு சிப்பந்தியின் வருகை இடைஞ்சல்தானே என்பது அவர்கள் வாதம். இந்த வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. ஏற்க இயலாமைக்கான காரணம் அந்த நிலத்திலேயே இருக்கிறது.

ஒரெயாந்தா பொது இடமன்று. கிரிமியாவின் தென்கரையில் யால்தாவை அடுத்துள்ள லிவாதியாவும் அதற்கப்பால் உள்ள ஒரெயாந்தாவும் ரஷ்ய அரச குடும்பத்தின் உடைமைகள். லிவாதியாவை 1860களின் தொடக்கத்தில் இரண்டாம் அலெக்சாந்தரின் குடும்பம் போத்தொத்ஸ்கி என்ற போலந்துப் பிரபுக் குடும்பத்திடமிருந்து வாங்கிற்று. மேலே மாளிகையும் பூங்காவும், சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள், அடிவாரத்தில் அரச குடும்பத்தார் நீராடும் கரை. 1867இல் மார்க் ட்வைன் கப்பற்பயணிகள் குழுவோடு வந்திறங்கிப் பேரரசரைக் கண்டு அளவளாவியது இங்கேதான். தம் பயண நூலில் அவர் அதைப் பரிகாசமும் வியப்புமாக எழுதியிருக்கிறார். ஒரெயாந்தாவில் இருந்த மாளிகை 1880களின் தொடக்கத்தில் தீயில் அழிந்தது. எரிந்த மாளிகையின் கற்களைக் கொண்டு கோமகன் கான்ஸ்தந்தீன் 1885இல் ஒரு தேவாலயம் எழுப்பினார். காதலர்கள் அமர்ந்திருப்பது அந்தத் தேவாலயத்தின் அருகில். ஆக, அவர்கள் பார்க்கும் கடலுக்கு உரிமையாளர் இல்லை. அவர்கள் அமர்ந்திருக்கும் பலகைக்கு உண்டு. காவலாளி அந்த உரிமையாளரின் ஆள்.

அவன் ஏன் பார்த்துவிட்டுப் போனான்? துரத்தவில்லை, யாரென்று கேட்கவுமில்லை. உடையைப் பார்த்தான், சீமாட்டியைப் பார்த்தான், போய்விட்டான் என்றே நாம் வாசிக்கிறோம். அந்த வேளையில் அதே பலகையில் திராட்சை பறிக்கும் கூலியாள் ஒருவன் தன் மனைவியோடு அமர்ந்திருந்தால் அவன் அப்படிப் போயிருப்பானா? செகாவ் இக்கேள்வியை எழுப்பவில்லைதான். ஆனால் எல்லாமே அழகு என்று கூரவ் நினைத்து முடித்த மறுகணம் அம்மனிதனை நடந்துவரச் செய்தவர் அவரே. அவன் வருகைகூட அழகாகத் தோன்றிற்று என்று எழுதியவரும் அவரே. அந்த அழகு யாருடைய கண்ணுக்கு என்ற கேள்வி அங்கே தானாக எழுகிறது. சீமாட்டியின் கைக்கண்ணாடி தொலைந்ததைக்கூட வீணில் எழுதாத கலைஞர், காவலாளியை மட்டும் வெறும் இடநிரப்பியாக எழுதினார் என்று நம்புவதற்கு அபாரமான துணிச்சல் வேண்டும்.

கரையை உடைமையாகக் கொள்வது என்னவென்று செகாவ் அறியாதவருமல்லர். காசநோய் அவரைத் தென்கரைக்கு விரட்டியது. 1898இல் யால்தாவை ஒட்டிய ஔத்காவில் அவர் வாங்கிய மனை பராமரிப்பற்றுக் கிடந்த ஒரு பழைய திராட்சைத் தோட்டம். பக்கத்தில் தாத்தார்களின் இடுகாடு. அதே ஆண்டின் இறுதியில் குச்சுக்-கோய் என்னுமிடத்தில் கடலை நோக்கிய சிறு பண்ணை ஒன்றையும் வாங்கினார். திராட்சைத் தோட்டமும் தாத்தார் பாணி வீடும் சேர்ந்து விலை இரண்டாயிரம் ரூபிள். 1900இல் குர்சூபில் நாலு அறை வீடும் ஒரு முசுக்கட்டை மரமுமாகத் துண்டுக்கரை ஒன்று வாங்கி, ஒரு சிறு குடாவே இப்போது நமக்குச் சொந்தம் என்ற பொருள்படத் தங்கைக்கு மகிழ்ச்சியாகக் கடிதம் எழுதினார். நாம் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மூச்சுக்குத் திணறிய மனிதர் கடற்காற்றை வாங்கினார், அவ்வளவே. ஆனால் ‘நாய்க்காரச் சீமாட்டி’ 1899இல், பாழ்த் திராட்சைத் தோட்டத்தின்மேல் எழுந்த அந்த ஔத்கா வீட்டில், இடுகாட்டுக்கு அண்டையில் அமர்ந்து எழுதப்பட்டது. அந்நிலம் யாருடையது என்ற நினைவு அவர் மேசைக்கு எட்டும் தொலைவிலேயே இருந்தது.

நிலப்பிரபுத்துவ ரஷ்யாவின் கதை புரட்சியோடு தீர்ந்தது, இப்போது எதற்கு இந்தக் காவலாளி என்று மற்றொரு நண்பர் கேட்டார். அவரும் நம்மைப் போலவே மாஸ்கோவிலிருந்து வந்த மலிவு விலை நூல்களில் ரஷ்ய இலக்கியம் கற்றவர். அவருக்கு மறுமொழி சற்று விரிவாகவே வேண்டும்.

1920 டிசம்பரில் லெனின் கையெழுத்திட்ட ஆணை கிரிமியாவின் மாளிகைகளை உழைப்பாளரின் சிகிச்சைக்கு ஒதுக்கிற்று. 1925இல் லிவாதியா அரண்மனையில் உழவர்களுக்கான நலவாழ்வு இல்லம் திறக்கப்பட்டது. ஜாரின் படுக்கையறை இருந்த கட்டடத்தில் உழவர் படுத்துறங்கிய அந்த நிகழ்ச்சியைச் சிறிதென்று சொல்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அது பெரிய காரியம். ஆனால் வேலிகள் திரும்பி வந்தன. 1945 பிப்ரவரியில் லிவாதியாவில் மூன்று தலைவர்கள் கூடி ஐரோப்பாவைப் பற்றி முடிவெடுத்ததை வரலாற்று நூல்கள் சொல்லும். பின்னாளில் கீழ் ஒரெயாந்தாவின் அரசுக் கோடைமனையில் பிரஷ்னேவ் தங்கினார். 1971இல் வில்லி பிராண்டையும் 1974இல் நிக்சனையும் அவர் ஒரெயாந்தாவில் வரவேற்றார். பாரோஸில் கோர்பச்சோவுக்கெனக் கட்டிய கடற்கரை மாளிகையிலேயே 1991 ஆகஸ்டில் அவர் அடைத்துவைக்கப்பட்டார். உடைமை மக்களுடையது என்று தாளில் எழுதியிருந்தது. காவலாளி சீருடை மாற்றிக்கொண்டு அதே இடத்தில் நின்றான்.

திராட்சையின் கதையும் அப்படியே. மஸ்ஸாந்திரா பண்ணையை அரச குடும்பத்தின் சொத்து நிர்வாகம் 1889இல் வரன்த்சோவ் வாரிசுகளிடமிருந்து வாங்கியது. கோமகன் லேவ் கலீத்சின் மேற்பார்வையில் 1894 முதல் 1897 வரை மலையைக் குடைந்து ஏழு சுரங்கங்களாகத் திராட்சைமதுக் கிடங்கு அமைந்தது. ஜார் போனபின் கிடங்கு அரசுடைமையாயிற்று. 1941இல் ஜெர்மானியர் வருமுன் அரிய புட்டிகளைப் பத்திரமாக வெளியேற்றினார்கள். போருக்குப் பிறகு அவை திரும்பி வந்தன. ரஷ்யா கிரிமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்ட 2014க்குப் பின் (உலக நாடுகளில் பெரும்பாலானவை இவ்விணைப்பை ஏற்கவில்லை) மஸ்ஸாந்திரா ரஷ்ய நிர்வாகத்தின் கைக்குப் போய், 2020 டிசம்பரில் ஏலத்தில் ஒரு வங்கியின் துணை நிறுவனத்துக்கு விற்கப்பட்டது.

புட்டிகள் திரும்பி வந்தன என்றோம். மனிதர்கள் வரவில்லை. 1944 மே 18 தொடங்கி மூன்றே நாட்களில், சரக்கு ரயில்களில் ஏற்றி, ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கிரிமியத் தாத்தார்கள் மத்திய ஆசியாவுக்கும் ஊரால் பகுதிக்கும் அனுப்பப்பட்டார்கள். தென்கரையின் தோட்டங்களைத் தலைமுறைகளாக அறிந்திருந்தவர்கள் அவர்கள். தொடர்ந்து ஊர்ப்பெயர்களும் நாடுகடத்தப்பட்டன. தாத்தார் மொழியில் ‘சிற்றூர்’ என்று பொருள்படும் குச்சுக்-கோய் வரைபடத்திலிருந்து அகன்றது. 1980களின் இறுதியில் அவர்கள் திரும்பத் தொடங்கியபோது தென்கரையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. 1992இல் ஆலுஷ்தாவுக்கு அருகே தாமே அமைத்துக்கொண்ட குடியிருப்பைக் காவல்துறை வந்து கலைத்தது. ஜார் ஆட்சியை ஏத்தும் பயணக் கட்டுரைகளிலும் இவர்கள் இல்லை. சோவியத்தை ஏத்தும் நம் நினைவலைகளிலும் இல்லை. இரு தரப்புக்கும் அந்த மலைச்சரிவு ஆளற்ற அழகாகவே தேவைப்படுகிறது.

கடலும் கடற்கரையும் இயற்கைச் சட்டத்தின்படி எல்லோர்க்கும் பொது என்று ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியனின் சட்டநூல் சொல்லிற்று. ரஷ்யாவின் இன்றைய நீர்ச்சட்டமும் பொது நீர்நிலைகளின் கரையோரம் இருபது மீட்டரைப் பொதுமக்கள் நடக்க ஒதுக்குகிறது. சட்டம் எழுதியவர்களுக்குக் கரையில் ஒரு காவலாளி நிற்பான் என்பது தெரிந்திருக்கிறது. இலக்கியம் கற்பிக்கும் நமக்குத்தான் அவன் கண்ணில் படுவதில்லை.

இதில் நம் குற்றமும் உண்டு. பதினெட்டு ஆண்டுகளாக இக்கதையை வகுப்பில் நடத்துகிறோம். கடலின் ஒலி பற்றிய பத்தியை உருகி உருகி வாசித்துவிட்டு, காவலாளி வரும் வரியை மூச்சு வாங்கும் இடமாகப் பயன்படுத்தியிருக்கிறோம். சென்ற ஆண்டு, சுருக்கப்படாத பழைய பதிப்பிலிருந்து பாடம் நடத்தியபோது, மீனவக் குப்பத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, அந்த ஆளு யாரு வச்ச ஆளு?” என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. நாமும் புன்னகைத்து, அது முக்கியமில்லை அம்மா என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போனோம். மேலே எழுதியவை யாவும் அவளுக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய விடை.

இந்தத் தொகுப்பு வரும் கல்வியாண்டுக்கு மறுபதிப்பாக இருப்பதாக அறிகிறோம். நீக்கிய வரிகளைத் திரும்பச் சேர்க்குமாறு பாடத்திட்டக் குழுவுக்கு எழுதியிருக்கிறோம். பக்கம் போதவில்லை என்றால் முன்னுரையில் குறைத்துக்கொள்ளலாம். செகாவின் மென்மையைப் பற்றி மட்டும் அதில் ஏழு பக்கங்கள் இருக்கின்றன.