லினக்ஸுக்கு மாறியாச்சா? பூட்டு இருக்கு... சாவி பத்திரமா?

2025 அக்டோபர் 14-ம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்களுக்கு லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவை நல்ல வழி. ஆனால், மாறிய அன்றே ஒரு கேள்வி வரும்: "இதுக்குப் பாதுகாப்பு என்ன?"

பதில் தேடினால் தலை சுற்றும். "லினக்ஸுக்கு வைரஸே வராது" என்பார் ஒருவர். "இந்த இருபது கட்டளைகளை அப்படியே காப்பி பண்ணிப் போடுங்க" என்பார் இன்னொருவர். முதலாமவர் சொல்வது பாதி உண்மை. இரண்டாமவர் பேச்சைக் கேட்பதில்தான் ஆபத்து அதிகம்.

ஏன் ஆபத்து?

லினக்ஸில் சிஸ்டத்தையே மாற்றும் வேலைகளுக்கு உங்கள் பாஸ்வேர்டு வேண்டும். 'சூடோ' என்று தொடங்கும் கட்டளை கேட்பது அந்த அனுமதியைத்தான். என்னவென்று புரியாமலே பாஸ்வேர்டைக் கொடுத்தால், முன்பின் தெரியாதவரிடம் வீட்டுச் சாவியை நீட்டிய மாதிரிதான். உங்கள் போட்டோக்களையும் ஆவணங்களையும் அழிக்க அந்தப் பாஸ்வேர்டுகூடத் தேவையில்லை. நீங்கள் இயக்கும் ஒரு தவறான கட்டளையே போதும்.

யாரிடம் கேட்பது?

நீங்கள் போட்டிருக்கும் லினக்ஸை உருவாக்குபவர்களின் அதிகாரபூர்வக் கையேடுதான் முதல் வழிகாட்டி. அது உங்கள் பதிப்புக்கு உரியதா என்றும் பாருங்கள். பத்து வருடப் பழைய குறிப்பு இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம்.

அதிகாரபூர்வத் தளத்திலும் கொஞ்சம் உஷார் தேவை. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் ஊடுருவியவர்கள், டவுன்லோடு இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த போலிப் பதிப்பைக் கொடுத்தார்கள். டவுன்லோடு செய்த ஃபைல் அசல்தானா என்று சரிபார்க்கும் முறை மின்ட் கையேட்டிலேயே இருக்கிறது. அந்தப் பத்து நிமிட வேலையைத் தவிர்க்காதீர்கள்.

இந்த ஐந்து போதும்!

1. அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். மின்ட்டில் திரையின் கீழே கேடயம் போன்ற ஐகானைத் தொட்டாலே பட்டியல் வரும்.

2. ஆப்களை சாஃப்ட்வேர் மேனேஜரிலிருந்தே எடுங்கள்.

3. ஃபயர்வாலை ஆன் செய்யுங்கள். மின்ட்டிலும் உபுண்டுவிலும் அது ஆஃப் நிலையில்தான் வரும். கல்லூரி, ரயில் நிலைய வைஃபையில் இணைபவர்களுக்கு அவசியம்.

4. வெளியே எடுத்துச்செல்லும் லேப்டாப் என்றால், லினக்ஸைப் போடும்போதே டிஸ்க் என்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப் திருடுபோனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் உங்களாலும் முடியாது என்பதால், எழுதி பீரோவில் வையுங்கள்.

5. போட்டோ, ஆவணங்களுக்குத் தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு நகல் வையுங்கள். மின்ட்டில் இருக்கும் டைம்ஷிஃப்ட், சிஸ்டத்தைத்தான் மீட்கும். குடும்பப் போட்டோக்களை அது தானாகச் சேமிக்காது.

கடைசியாக ஒன்று. 'உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்' என்று வரும் போலி லிங்க்குக்கு விண்டோஸ், லினக்ஸ் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. அங்கே ஓடிபி-யைக் கொடுத்துவிட்டால் எந்தச் சிஸ்டமும் காப்பாற்றாது. புரியாத கட்டளையோ, தெரியாத லிங்க்கோ... என்டரைத் தட்டும் முன் ஒரு நிமிடம் நிதானியுங்கள்!