தனியே அனுப்பலாகாது என்போருக்கு

தில்லி கோல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள சர்க்கார் குவார்ட்டர்ஸ்களில் வாழும் நம்மவரிடையே, பிள்ளைகளைத் தெருக்கோடிக் கடைக்குக்கூடத் தனியே அனுப்பலாகாது என்னும் அபிப்பிராயம் வேதவாக்காக நிலைபெற்றுவிட்டது. பன்னிரண்டு வயதுப் பையனின் புத்தகப் பையைத் தாயார் சுமக்க, அவன் வெறுங்கையோடு மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்குச் செல்லும் காட்சி எவருக்கும் விசித்திரமாகத் தோன்றுவதில்லை.

இதற்கு அவர்கள் காட்டும் முதற் பிரமாணம், 1978 ஆகஸ்டு 26ஆம் தேதி. ஆகாசவாணி நிகழ்ச்சிக்காகப் புறப்பட்ட கீதா சோப்ராவும் அவள் தம்பி சஞ்சயும், இங்கிருந்து சிறிது தூரத்திலுள்ள கோல் டாக்கானா அருகே காரில் கடத்தப்பட்டுக் கொலையுண்டனர். அக்கொடுமையை நினைந்து நடுங்கும் தாயுள்ளத்தை இகழ எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், ஓடும் காருக்குள் அவ்விருவரும் போராடினர் என்பதையும், அவர்கள் பெயராலேயே தீரச் செயல் புரியும் சிறுவர் சிறுமியருக்கு ஆண்டுதோறும் விருது வழங்கும் வழக்கம் ஏற்பட்டது என்பதையும் மறந்து, அச்சம்பவத்திலிருந்து பயத்தை மட்டுமே நாம் சுவீகரித்துக்கொண்டது எவ்வகையில் நியாயம்?

‘வெளியே துஷ்டர்கள் திரிகிறார்கள்’ என்பது அடுத்த வாதம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரமோ, குழந்தைகள் மீதான பலாத்கார வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றஞ்சாட்டப்பட்டவர் குழந்தைக்கு அறிமுகமானவரே என்கிறது. எதற்கும் பெரியவர் முகத்தையே பார்த்து நிற்கப் பழகிய குழந்தை, அந்தப் பெரியவரே தவறிழைக்கும்போது ‘வேண்டாம்’ என்று உரக்கக் கூவும் துணிவை எங்கே கற்றிருக்கும்? கதவைத் தாழிடுவதால் இந்த ஆபத்து விலகாது.

வாகன நெரிசலைச் சுட்டும் வாதமே பலமுடையது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் இங்கிலாந்தின் அனுபவத்தைப் பாருங்கள்: அங்கே 1971இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 80 பேர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். 1990இல் அது 9 ஆகச் சுருங்கிற்று. அங்கே குழந்தைகளின் விபத்துச் சாவு குறைந்தது மெய்யே. ஆனால் தெரு பத்திரமாகிவிட்டதால் அன்று, தெருவை விட்டே பிள்ளைகள் அகற்றப்பட்டதால்தான் என்று அதை ஆராய்ந்த மேயர் ஹில்மன் என்னும் ஆய்வாளர் வாதித்தார். நம் பள்ளி வாசலிலும் காலையில் நெரிசலைப் பெருக்குபவை, பிள்ளைகளைப் பாதுகாப்பாகக் கொண்டுவந்து விடும் கார்களே அல்லவா?

‘வயது வந்தால் தானே கற்றுக்கொள்வான்’ என்பாரும் உளர். ஆனால் கற்பிக்காமல் அது வராது; கற்பிக்கும் முறையோ எளிது: முதலில் கைபிடித்துச் சாலையைக் கடக்கச் செய்வது, பின் பத்தடி பின்னே நடப்பது, அப்பால் சாலையோரம் நின்று பார்ப்பது, இறுதியில் வீட்டிலேயே இருந்துவிடுவது. அவ்வாறு பழகும் பிள்ளைகள் பத்திரமாகக் கடக்க, பல சாலைகள் வந்து கூடும் நம் வட்டச் சந்தியில், பள்ளி வேளைகளிலேனும் போலீஸ்காரர் ஒருவர் நிற்கவேண்டுமென்று, தினம் பையைச் சுமந்து வரும் பெற்றோர் அனைவரும் ஒருங்கே கையெழுத்திட்டு மனுச் செய்யட்டும்.